சால்காவ்கர் 2011: பச்சைச் சட்டையில் வெள்ளை எண் ஒருவழியாக ஒட்டியது

என் சப்யூட்டியோ (பொம்மை ஆட்டக்காரர்களை விரலால் சுண்டி ஆடும் மேசைக் கால்பந்து) அணியில், நேற்று ராத்திரி ஏழாவது ஆட்டக்காரரின் முதுகில் எண் ஒட்டி, காய்ந்தும் விட்டது. ஓரத்தில் துளி வெள்ளி பூக்கவில்லை, அதாவது அடியில் காற்று நின்று வெள்ளியாக மின்னவில்லை. மூன்று வாரமாகப் படுத்திய வேலை. அதனால்தான் அணி முடியுமுன்பே எழுதுகிறேன்.

சப்யூட்டியோ என்றால் எல்லாரும் இங்கிலாந்து, இத்தாலி கிளப்புகளைத்தான் தீட்டுகிறார்கள். எனக்குக் கோவாவின் வாஸ்கோ நகரத்துச் சால்காவ்கர்தான் வேண்டும். இரும்புத்தாதுச் சுரங்கக் குடும்பம் 1956-ல் தொடங்கிய கிளப். தேசிய லீகை வென்ற முதல் கோவா அணி. 2011-ல், தேசிய லீகுக்குப் பின் வந்த ஐ-லீக், அதே ஆண்டு கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை 3-1 என வீழ்த்தி ஃபெடரேஷன் கோப்பை. கோலில் கரன்ஜித், முன்னால் ரியூஜி சுயோகா. என்ன அணி அது! அடுத்த ஆண்டே கோவாவில் சுரங்கங்கள் நின்றன. 2016-ல், ஐ-லீகைக் கீழே தள்ளும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் திட்டத்தை எதிர்த்து அந்த லீகிலிருந்தே விலகிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை டெக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) எண்ணைச் சுற்றிப் பச்சையை அச்சடித்தேன். சட்டையின் பச்சையோடு சேரவே இல்லை, முதுகில் ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. பொடித் தூரிகையால் எழுதினால் 8-ன் இரண்டு கண்ணும் அடைந்துபோயின. அப்புறம்தான் தலைகீழாகச் செய்தேன். அச்சடித்த தாளைக் காயவிட்டு, மூன்று கோட் வார்னிஷ் அடித்து, அந்தப் பச்சையைப் பார்த்துச் சட்டைக்கு அக்ரிலிக் கலந்தேன். ஒரு சொட்டு மஞ்சள், ஊசிமுனையளவு கறுப்பு. பதினொருவருக்கும் சேர்த்து ஒரே தடவையில் கலந்து சின்ன டப்பாவில் மூடி வையுங்கள். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டை மறைக்கவும் அதுதான் வேண்டும். ஒட்டுமுன் சட்டைக்குப் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்றுவிடும். தோள்பட்டை வளைவில் தண்ணீர் கலந்த வினிகர் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் மடிப்போடு படிகிறது.

தாள் வாங்கும்போது பழைய சரக்கா என்று கேட்டுவிடுங்கள். ஒரு கடையில் எனக்குக் கொடுத்தது மஞ்சளித்த கட்டு. தண்ணீரில் போட்டதும் தூள்தூளாகிவிட்டது.

அடுத்து முன்கள வீரர் புரூனோ கூட்டின்ஹோ காலத்து 1998-99 அணி. அதற்கான பொம்மைகள்கூட வந்தாயிற்று. இங்கே இன்னும் நான்கு முதுகு காலி. கரன்ஜித்தின் கையுறைக்கு நிறமும் பிடிபடவில்லை.