கல்லில் ஒரு கட்டுத்தரை

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் வழியில் திருமுருகன்பூண்டியைத் தாண்டும்போது பேருந்து இரைச்சலையும் மீறி உளிச் சத்தம் கேட்கும். சாலையோரம் வரிசையாகச் சிற்பக் கூடங்கள். பாதி முகம் வந்த பிள்ளையாரும் கால் மட்டும் வந்த நந்தியும் வெயிலில் கிடப்பார்கள். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். ஆனாலும் நாற்பது வயது வரை மாமல்லபுரத்தைப் பார்த்ததில்லை. இந்தத் தை மாதம், மாட்டுப் பொங்கல் முடிந்த மறுவாரம், அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போகிற விஷயத்தை எங்கள் தெருவில் இருக்கும் சிற்பி அண்ணனிடம் சொன்னேன். "முடிஞ்ச சிலையை எல்லாரும் பாப்பாங்க தம்பி. நீங்க முடியாம நிக்கறதைத் தேடிப் பாருங்க. வேலை எப்படி நடந்துச்சுன்னு அதுலதான் தெரியும்" என்றார்.

இரவு திருப்பூரில் சேரன் எக்ஸ்பிரஸ், காலையில் சென்னை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முன்பணம் கட்டியிருந்த விடுதியில் மதியத்துக்கு மேல்தான் அறை என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று பையை அங்கேயே வைத்துவிட்டு நேராகப் பாறைகளைப் பார்க்கப் போனோம். அதுவும் நல்லதாகவே அமைந்தது. அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. காலை வெயில் முழுதும் அதன் மேல்தான் விழுகிறது.

ஊருக்கு நடுவில், சாலை ஓரத்தில், சீட்டு வாங்காமலே பார்க்கிற மாதிரி நிற்கிறது அது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரும் பாறைகள், 100 அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம். நடுவில் உள்ள பிளவை அடைக்காமல் ஆறாகவே ஆக்கிவிட்டார்கள். அதில் நாகர்கள் கைகூப்பியபடி மேலேறி வருகிறார்கள். இது அர்ச்சுனன் தவமா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் தவமா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிளவுக்கு மேலே தண்ணீர் தேக்கும் தொட்டி இருந்ததற்கான அடையாளம் உண்டு என்பதால் எனக்குக் கங்கைதான் சரி என்று படுகிறது. மகளோ யானைக்குப் பக்கத்தில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் விட்டு நகரவே இல்லை.

கொஞ்சம் தள்ளிக் கிருஷ்ண மண்டபம். முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. உள்ளே பாறையில் இருப்பது பல்லவர் வேலை. கண்ணன் ஒரு கையால் கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்க, அடியில் ஆயர்பாடி முழுதும் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. தலையில் பானை அடுக்கிக்கொண்டு ஒருத்தி வருகிறாள். ஒருவன் தோளில் குழந்தையை வைத்திருக்கிறான். ஒரு பக்கம் ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு தலையைத் திருப்பி, முன்னால் நிற்கும் கன்றை நக்கிக்கொடுக்கிறது.

அம்மா அந்த இடத்தில் நின்றுவிட்டார். நாற்பது வருடம் கட்டுத்தரையில் கறந்தவர் அவர். கன்றை முதலில் ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் பிரித்து, பசுவின் முகத்துக்கு எட்டுகிற தூரத்தில் கட்டிவிட்டுத்தான் செம்போடு உட்காருவார். கன்று கண்ணில் படாவிட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும்.

"கன்னை எங்க நிறுத்தியிருக்கான் பாரு கண்ணு. நாக்கு எட்டற தூரம். கறக்கத் தெரிஞ்சவன்தான் இதைச் செஞ்சிருக்கோணும்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் நாக்கைப் பார்த்தேன். அதுவரை கண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வந்து போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். மாமல்லபுரத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இந்தப் பசுதான்.

அப்புறம் ஐந்து ரதங்கள். திரௌபதி ரதம், பீம ரதம் என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தவை. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. கருங்கல்லை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்திருக்கிறார்கள். அதனால்தான் மேலே அத்தனை நுணுக்கம், அடியில் கரடுமுரடு. சிற்பி அண்ணன் சொன்னதை மனதில் வைத்து ஊரின் மேற்குப் பக்கம் இருக்கும் வலையன்குட்டை ரதத்துக்கும் போனோம். மேல்பாதி கோயில், கீழ்ப்பாதி வெறும் பாறை. அங்கே எங்களைத் தவிர ஆளே இல்லை. பூண்டியில் ஒரு சிலை கை தவறினால் வேறு கல் எடுத்துக்கொள்வார்கள். இங்கே மாற்றுக் கல் கிடையாது என்று தெரிந்தே உளி வைத்திருக்கிறார்கள்.

வெண்ணெய் உருண்டைப் பாறை மகளுக்காக. சரிவில் உருளாமல் நிற்கிறது. 250 டன் எடை என்கிறார்கள். எங்கள் பக்கம் ஊத்துக்குளி என்றாலே வெண்ணெய்தான் என்பதால், அம்மா அதைத் தொட்டுப் பார்க்காமல் வரவில்லை.

சாயங்காலம் கடற்கரைக் கோயில். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது, குடைந்தது அல்ல, கல் அடுக்கிக் கட்டியது. அம்மா கடலைப் பார்ப்பது இரண்டாவது முறை. முதல் முறை திருச்செந்தூரில். உப்புக் காற்று சிலைகளின் முகத்தைத் தின்றுவிட்டிருக்கிறது. கண் எது, மூக்கு எது என்று தேட வேண்டியிருக்கிறது. அலையைத் தடுக்கக் கடலோரம் பாறை கொட்டிவைத்திருக்கிறார்கள், இருந்தும் காற்றை எதைக் கொண்டு தடுப்பது? மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் படங்களைக் காட்டச் சிற்பக் கூடத்துக்குப் போனேன். அம்மாவும் வந்தார். அண்ணன் வலையன்குட்டைப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா நடுவில் புகுந்து கேட்டார்.

"ஏனுங்க, கன்னோட ஒரு மாடு செய்யறதுக்கு எவ்வளவுங்க ஆகும்?"

"எத்தனை உசரமுங்கம்மா?"

அம்மா முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"சித்திரைக்குள்ள குடுத்தர்றனுங்க."

"அவசரமில்லீங்க. நாக்கு மட்டும் கன்னு மேல படோணும்."