ஒழுகும் பிக்கப்: மார்ச், ஏப்ரல் குறிப்புகள்

மார்ச் 8, 2025, சனி

வண்டி 1994 ஃபோர்டு எஃப்-150. 4.9 லிட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், ஐந்து கியர் மேனுவல். 1965-ல் தொடங்கி 1996 வரை இந்த எஞ்சினைப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அறுந்துபோக டைமிங் செயின்கூடக் கிடையாது, நேராகப் பல்சக்கரம்தான், அதனால் இது சீக்கிரம் சாகாது. ஆனால் முப்பது வருஷ ரப்பர் அப்படியில்லையே.

ஹூஸ்டன் பக்கத்து எங்கள் வீட்டு டிரைவ்வேயில் இரண்டு கறை. ஒன்று கறுப்பு, அதற்குப் பின்னால் இன்னொன்று சிவப்பு. குடியிருப்புச் சங்கத்திலிருந்து கறையைப் போக்கச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது, வீட்டம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள், நான் பார்க்கவேண்டும் என்று.

இரண்டு நிறம் இருப்பது ஒரு வகையில் நல்லது. இந்த எம்5ஓடி கியர் பாக்ஸுக்குக் கெட்டியான கியர் ஆயில் கிடையாது, ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு ஊற்றுகிற சிவப்பு ஏடிஎஃப்தான். அதனால் எது எஞ்சின், எது கியர் பாக்ஸ் என்று குழம்பவேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

டிஸ்ட்ரிபியூட்டர், வயர் கனெக்டர்கள் மேலெல்லாம் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு, டிகிரீசர் அடித்து எஞ்சினையும் அடிப்பாகத்தையும் கழுவினேன். ஊரைச் சுற்றி ஓட்டிவந்து, டார்ச்சோடு அடியில் படுத்தேன். (ஸ்டாண்டு போட்ட பிறகுதான். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.)

ஒரு ஒர்க்ஷாப்பில் ஏற்கெனவே காட்டியிருந்தேன். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போச்சு, கியர் பாக்ஸை இறக்கவேண்டும் என்று வண்டி விலையில் பாதியைக் கேட்டார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டினால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அப்பாவுக்கு போன் போட்டேன். நாமக்கல்லில் லாரி ஓட்டியே காலம் கழித்தவர். "சொட்டற எடத்தப் பாக்காத கண்ணு, ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு மேலிருந்து பாத்துட்டு வா" என்றார். பார்த்தால், எஞ்சினின் உச்சியை மூடும் டேப்பெட் கவரின் பின்மூலை ஈரம், அங்கிருந்து பிளாக்கின் முதுகு வழியாக வழிந்து கீழே இறங்கியிருக்கிறது. ஓடுகிற வண்டியில் காற்றும் எண்ணெயைப் பின்னால் தள்ளும், அதனால் ஓட்டை ஒரு இடம், சொட்டு ஒரு இடம்.

அதே கவரில் செருகியிருக்கும் பிசிவி வால்வைப் பிடுங்கி ஆட்டினேன். கலகலவென்று சத்தம் வரவேண்டும், வரவில்லை, உள்ளே பிசின் மாதிரி அடைத்துக் கிடக்கிறது. எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேற வழி இதுதான். இது அடைத்தால் அழுத்தம் பேக்கிங் வழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும், எத்தனை புது பேக்கிங் போட்டாலும் நிற்காது. விலையோ ஒரு காபிக்கு ஆகிற காசு. முதலில் அதை மாற்றினேன்.

மார்ச் 15, சனி

டேப்பெட் கவர் நாள். கார்பரேட்டர் காலத்து வண்டி என்றால் சில போல்ட்டைக் கழற்றிக் கவரைத் தூக்கியிருக்கலாம். என்னுடையது இன்ஜெக்ஷன், காற்று போகும் மேல் மேனிஃபோல்டு கவருக்கு மேலேயே குறுக்கே வளைந்து போகிறது, அதைக் கழற்றாமல் கவர் வராது. ஒவ்வொரு ஹோஸிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் எழுதினேன். அந்த மேனிஃபோல்டுக்கும் ஒரு புது பேக்கிங் வேண்டும், முன்பே வாங்கி வையுங்கள்.

பழைய கார்க் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கியது. துண்டுகள் உள்ளே விழாமல் துணி அடைத்துச் சுரண்டவே மதியமாகிவிட்டது. இதற்கு முன் யாரோ ஒழுகலை நிறுத்த போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருக்கிறார்கள். கவர் வெறும் தகரம், போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழிந்து, நடுவில் இடைவெளி விட்டுவிட்டது. மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்தேன். புது ரப்பர் பேக்கிங், நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு, பேக்கிங் பிதுங்காமல் நிறுத்து, அவ்வளவுதான்.

அப்பா மறுபடி போனில்: "அனபாண்ட் தடவினியா?" இல்லை என்றேன். ரப்பர் பேக்கிங்குக்குப் பசை போட்டால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அவருக்கு இதில் உடன்பாடில்லை.

மார்ச் 22, சனி

கியர் பாக்ஸ். வடிக்கும் பிளக்கைத் தொடுமுன் ஊற்றும் பிளக்கைத் திறக்கவேண்டும், முழுதும் வடித்தபின் அது திறக்காமல் மக்கர் செய்தால் வண்டி நகராது. திறந்து விரலை விட்டேன், எண்ணெய் தட்டவே இல்லை. விளிம்பு வரைக்கும் இருக்கவேண்டும். எஞ்சினில் மாதிரி இதில் டிப்ஸ்டிக் கிடையாது, குறைந்தால் விளக்கும் எரியாது, பேரிங் ஊளையிடும்போதுதான் தெரியும். எஞ்சின் ஒழுகலைவிட எனக்கு இதுதான் பயம்.

இந்தப் பெட்டியைத் தெரிந்தவர்களுக்கு இடம் தேடவே வேண்டாம். மேல்மூடியின் பின்முனையில், ஷிஃப்ட் கம்பிகள் போகும் துளைகளை அடைக்க மூன்று ரப்பர் அடைப்பான்கள். வயதானால் இறுகி, ஓரத்தில் கசியும். வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் எண்ணெய் பின்னால் சேர்ந்து இன்னும் அதிகமாகக் கசியும். எங்கள் டிரைவ்வே கராஜ் பக்கம் மேடு, நான் நிறுத்துவதும் மூக்கை உள்ளே விட்டுத்தான்!

நியூட்ரலில் வைத்து, கியர் லிவர், தரை பூட், மூடியின் போல்ட்டுகள் என்று கழற்றித் தூக்கினேன். ஒரு அடைப்பானை நகத்தாலேயே நெம்பி எடுக்க முடிந்தது. மூன்றுக்கும் பதிலாக அளவு பார்த்து வாங்கிய உலோகக் கிண்ண பிளக்குகளை, ஓரத்தில் சீலன்ட் தடவி, சாக்கெட் வைத்து நேராகத் தட்டி இறக்கினேன். பெட்டி அலுமினியம், பழைய பசையைச் சுரண்ட பிளாஸ்டிக் தகடுதான், பிளேடு பட்டுக் கீறினால் அங்கேயே புது ஒழுகல். பிறகு மெல்லிய கோடாக ஆர்டிவி சீலன்ட் பசை, உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்குகள் அதனதன் காடியில் உட்கார்ந்ததா என்று பார்த்து மூடினேன். இங்கே தடவினேன் என்றதும் அப்பாவுக்கு ஏக மகிழ்ச்சி.

மார்ச் 23, ஞாயிறு

ஆர்டிவி காய 24 மணி நேரம் விட்டேன். சாயங்காலம் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பம்பால் மெர்கான் ஏடிஎஃப், துளையில் வழிகிற வரை. மொத்தமே 3.6 லிட்டர் பிடிக்கும் பெட்டி. இரண்டாவது கியரில் இருந்த முரண்டு பாதி குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

அடியில் அட்டை விரித்து நிறுத்திப் பார்த்துவிட்டேன். கறுப்பு இல்லை, பிளாக்கின் முதுகு காய்ந்து கிடக்கிறது, ஆக கிராங்க் சீல் நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று, 6 குவார்ட், கிட்டத்தட்ட 5.7 லிட்டர். பழையதைப் பார்ட்ஸ் கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். தரைக்கறை மேல் பூனை மணல் (வீட்டுப் பூனையின் கழிப்பிடத்தில் போடுவது) கொட்டிச் செருப்புக்காலால் தேய்த்ததில் முக்கால்வாசி போய்விட்டது, படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சிவப்பு மட்டும் ஒரு சொட்டு, பெட்டியின் வால் சீலில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையுமிடத்தில். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடுகிறது, உள்ளே அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. சீலை மட்டும் மாற்றினால் ஆடுகிற ஷாஃப்ட் அதையும் தின்றுவிடும். இரண்டும் ஆர்டர் போட்டாயிற்று. அடுத்த சனிக்கிழமை மழை என்கிறார்கள், பார்ப்போம்.