வந்து சேர்ந்தது தெரியாது

எழும்பூரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிற டிக்கெட்டுகள்தான் முக்கால்வாசி. உலகம் சுற்றும் டிக்கெட் கேட்டு யாராவது படியேறி வந்தால் கவுன்டர் பையன்கள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல நைசாக எழுந்துவிடுவார்கள், ஆள் என் மேசைக்கு வந்து சேர்வார். வருடத்துக்கு மூன்றோ நான்கோ வரும். ஒன்றை முடிக்கிற நேரத்தில் ஐம்பது துபாய் டிக்கெட் போடலாம், கிடைக்கிற சர்வீஸ் சார்ஜ் என்னவோ இரண்டு துபாய் டிக்கெட்டுக்குத்தான் சமம். எங்கள் முதலாளி இதை மாதம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவார்.

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்பு வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரும்போதே கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து, ஊர் ஊராக வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதிக் கொண்டுவந்திருந்தார். லண்டனில் அண்ணன் மகன். டல்லாஸில் மகள், முதல் பிரசவம். டொரன்டோவில் அந்தம்மாவின் தங்கை. சிட்னியில் மகன். கடைசியில் டோக்கியோ என்று ஒரு வட்டம், அதன் பக்கத்தில் யார் பெயரும் இல்லை.

"ரயில்வேல சர்க்குலர் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு தம்பி. கிளம்பின ஸ்டேஷனுக்கே வந்து முடியணும், நடுவுல எட்டு இடத்துல இறங்கிக்கலாம். அது மாதிரிதானே இதுவும்?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்த டிக்கெட்டை இவ்வளவு சரியாக யாரும் எனக்கே சொன்னதில்லை. அது மாதிரிதான் சார் என்றேன். மாதிரிதான், ஆனால் ரயில்வே இவ்வளவு படுத்தாது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே விமான நிறுவனம் உலகம் முழுக்கப் பறப்பதில்லை, அதனால் கூட்டணியாகச் சேர்ந்து இந்த டிக்கெட்டை விற்கிறார்கள். 1997இல் ஆரம்பித்த ஸ்டார் அலையன்ஸில் நாங்கள் போட்டுப் பழகியது மைல் கணக்கு: 29,000, 34,000, 39,000 என்று படிப்படியாக விலை ஏறும். 1999இல் வந்த ஒன்வேர்ல்டில் மைல் கணக்கும் உண்டு, எத்தனை கண்டம் தொடுகிறோம் என்ற கணக்கும் உண்டு. கண்டக் கணக்கில் பதினாறு செக்டார் வரை போகலாம், செக்டார் என்றால் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற ஒரு துண்டு. அட்லாண்டிக்கை ஒரு தடவை, பசிபிக்கை ஒரு தடவை தாண்ட வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் போகும்போது மேற்கே கிளம்பினால் மேற்கேதான், கிழக்கே கிளம்பினால் கிழக்கேதான். தொடங்கிய நாட்டில், ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இருந்ததால் இவர்களுக்கு ஒன்வேர்ல்ட் சரியாக வந்தது. ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பக்கம், ஆக நாலு கண்டம். அந்த எகானமி கட்டணத்துக்குக் குறியீடு எல், ஓ, என், ஈ, நாலு. நாங்கள் அதை 'லோன் ஃபோர்' என்றுதான் படிப்போம். பக்கத்து மேசைப் பெண்ணிடம் "சாருக்கு லோன் ஃபோர் கிடைக்குதான்னு பாரும்மா" என்று சொன்னதும் அவர் பதறிவிட்டார். "கடன் எல்லாம் வேண்டாம் தம்பி, பி.எஃப். பணம் அப்படியே இருக்கு."

விதிகள் படித்தால் புரிகிற மாதிரிதான் இருக்கும். மாட்டிக்கொள்வது ஓரங்களில். நான் மாட்டிய கதை ஒன்று. அதற்குச் சில வருடம் முன்பு ஒரு மருத்துவருக்கு இதே மாதிரி டிக்கெட் போட்டேன், கடைசி செக்டாரில் டோக்கியோவிலிருந்து சென்னைக்கு வசதியான இணைப்பு தோஹா வழியாகத்தான் கிடைத்தது. வரைபடத்தில் கத்தார் ஆசியாவில்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படித்தோம். டிக்கெட் விதியிலோ மத்திய கிழக்கு முழுக்க ஐரோப்பாவோடு சேர்த்தி, எகிப்துகூட அதில்தான் வரும். ஆக என் மருத்துவர் ஐரோப்பாவை முடித்து, அமெரிக்காவை முடித்து, ஆசியாவுக்கு வந்து, வீட்டுக்குப் போகிற வழியில் மறுபடி ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட்டார். சிஸ்டம் கட்டணம் காட்ட மறுத்தது. சிஸ்டத்துக்குத்தான் கோளாறு என்று நானே மேனுவலாகக் கட்டணத்தைக் கணக்குப் போட்டு டிக்கெட்டை அடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஏ.டி.எம். வந்தது. எங்கள் தொழிலில் ஏ.டி.எம். என்றால் ஏஜென்சி டெபிட் மெமோ, பணம் கொடுக்கிற ஏ.டி.எம். இல்லை, பிடுங்குகிற ஏ.டி.எம். முதலாளி எதுவும் பேசாமல் அந்தத் தாளை என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சரி, வில்லிவாக்கத்துக்கு வருவோம்.

முதல் தகராறு பாரிஸில். லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலுக்கடியில் ஓடுகிற யூரோஸ்டார் ரயிலில் போக வேண்டும், அங்கிருந்து டல்லாஸுக்கு விமானம் ஏறிக்கொள்கிறேன் என்றார். முப்பத்தைந்து வருடம் ரயில் பெட்டி செய்தவர், அந்த ஆசையை நான் யார் தடுக்க. பாரிஸ்–டல்லாஸ் நேர் விமானமும் இருந்தது. போட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவில் ஏ.ஆர்.என்.கே. என்று நான்கு எழுத்து நிற்கும், தரைவழியாகப் போகிறார்கள் என்பதற்கான அடையாளம்.

"இது என்ன தம்பி?"

"அரைவல் அன்நோன் சார். அந்த இடத்துல நீங்க ஃப்ளைட்ல போகலை, எப்படி வந்து சேர்றீங்கன்னு ஏர்லைன்ஸுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டே கால் மணி நேரத்துல போய்ச் சேர்ற வண்டி. நிமிஷக் கணக்கு போட்டு டைம்டேபிள் அடிச்சிருக்கான். அதுக்குப் போய் வந்து சேர்றது தெரியாதா?" அந்தத் தரைவழியும் பதினாறில் ஒரு செக்டாராகக் கழியும் என்று சொன்னபோது இன்னும் சூடாகிவிட்டார். ரயில் டிக்கெட்டுக்கு அவர் தனியாகக் காசு கொடுக்கிறார், இவர்கள் கணக்கில் எதற்குக் கழிக்கிறார்கள்? நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. அவருக்கு மொத்தமே ஒன்பது செக்டார்தான், பதினாறில் எவ்வளவோ மிச்சம் இருந்தது. ஆனாலும் கொள்கைப் பிரச்சினை.

இரண்டாவது தகராறு அமாவாசை. டல்லாஸிலிருந்து சிட்னிக்கு நேர் விமானம், பதினேழு மணி நேரம், இரவு கிளம்பும். பசிபிக்கில் சர்வதேச தேதிக்கோட்டை மேற்கு நோக்கித் தாண்டினால் ஒரு நாள் காணாமல் போகும்: திங்கள் இரவு ஏறினால் புதன் காலையில் இறங்குவார்கள், செவ்வாய் என்று ஒன்று அவர்கள் வாழ்க்கையில் ஏறக்குறைய இருக்காது. நான் போட்ட தேதியில் காணாமல் போன அந்த நாள் அமாவாசை. அவர் மாதாமாதம் தவறாமல் தர்ப்பணம் செய்கிறவர். எந்த ஊர் அமாவாசையைக் கணக்கு வைப்பது, விமானம் எந்த ஊருக்கு மேலே இருக்கும், என்னிடமே கேட்டார். எனக்கு ஜி.எம்.டி. தெரியும், திதி தெரியாது. அவர் வாத்தியாருக்குப் போன் போட்டார், அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு "தேதியை மாத்திக்கோங்கோ, அதுதான் சுலபம்" என்று முடித்துவிட்டார். அவருக்குச் சுலபம். அந்த செக்டாரில் எங்கள் புக்கிங் கிளாஸில், அதாவது இந்தக் கட்டணத்துக்கென்று ஒதுக்குகிற சீட்டுகளில், இரண்டு சீட் சேர்ந்தாற்போல் கிடைக்கிற நாளைத் தேடி நான்கு நாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் நூறு சீட் காலியாக இருக்கும், நமக்கான கிளாஸில் பூஜ்யம் என்று காட்டும். இதை எந்த வாடிக்கையாளருக்கும் என்னால் இதுவரை புரியவைக்க முடிந்ததில்லை.

அப்புறம் விசா. இந்த டிக்கெட்டின் உண்மையான கஷ்டம் அங்கேதான், வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் அதை யாரும் எழுதுவதில்லை, அவர்கள் பாஸ்போர்ட் அப்படி. நம் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்கா, பிரிட்டன், பாரிஸுக்காக ஷெங்கன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், ஆளுக்கு ஆறு விசா. அமெரிக்க விசா பழையது கையில் இருந்தது, பத்து வருடம் செல்லும், ஜெமினி பாலத்தடியில் தூதரக வாசலில் காலை ஆறு மணிக்கு நிற்கிற வேலை இல்லாமல் போனது. மற்றதில் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாக, பாஸ்போர்ட் ஒரு தூதரகத்தில் இருக்கும்போது அடுத்ததற்குக் கொடுக்க முடியாது. நான் தனியாக ஒரு அட்டவணை போட்டேன், ஐ.சி.எஃப். சார் அதையும் ஸ்கேல் வைத்துத் திருத்தினார்.

டோக்கியோ அங்கேதான் போனது. ஜப்பான் ஒருமுறை நுழைகிற விசாவைக் கொடுத்தால் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். இவர்கள் செப்டம்பரில் கிளம்பி பிப்ரவரியில்தான் அங்கே சேர்வார்கள். வெளியூரில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து விண்ணப்பிப்பது நிச்சயமில்லாத காரியம், நம்பி டிக்கெட் போட முடியாது. டோக்கியோவை முதலில் வைத்துக்கொள்ளலாமே என்றால் திசையே மாறிவிடும், கிழக்கே கிளம்பி சிட்னி முடித்து டல்லாஸ் போவதற்குள் குழந்தைக்குப் பேரே வைத்துவிடுவார்கள்.

"அப்போ டோக்கியோவை எடுத்துடுங்க தம்பி," என்றார் அவர், நிமிராமல், தாளில் கோடு போட்டு அடித்துக்கொண்டே. அந்தம்மா அதுவரை ஏறக்குறைய எதுவுமே பேசவில்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார். ஆறு மாதப் பயணத்தில் உறவுக்காரர் யாரும் இல்லாத ஒரே ஊர் அதுதான் என்பது எனக்கு அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

மறுநாள், சென்னை திரும்புகிற வழியில் ஹாங்காங்கில் வெறும் மூன்று மணி நேர இணைப்பாக இருந்ததை எடுத்துவிட்டு இரண்டு இரவு தங்குகிற மாதிரி மாற்றினேன். இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம், முன்கூட்டியே இணையத்தில் பதிந்துகொண்டால் போதும், அதற்குக் காசும் இல்லை. கட்டணத்திலும் வித்தியாசம் வராது. அவரிடம் காரணம் சொல்லவில்லை, இணைப்பு சரியில்லை சார் என்றேன்.

கிளம்பினார்கள். பத்தாவது நாள் இரவு ஒரு மணிக்குப் போன். லண்டனில் அப்போது எட்டரை. மகளுக்கு நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது, உடனே டல்லாஸ் போக வேண்டும். பாரிஸ் வேண்டாம், ரயிலும் வேண்டாம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் இந்த டிக்கெட்டில் ஒரு செக்டாரை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற முடியாது, ஒன்றில் வராமல் போனால் பின்னால் இருக்கிற எல்லாம் சரிந்துவிடும். தேதி மட்டும் மாற்றினால் சீட் இருந்தால் போதும். ஊர் மாறினால் டிக்கெட்டையே புதிதாக எழுத வேண்டும், அப்போது அதற்கு ஆளுக்கு 125 டாலர், அதற்கு மேல் வரிகள். பாரிஸிலிருந்து கிளம்பியிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய பிரிட்டனின் ஏர் பாசஞ்சர் டியூட்டி லண்டனிலிருந்து நெடுந்தூரம் பறப்பதால் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அவர்களை நேராக விமான நிறுவனத்துக்குப் பேசச் சொன்னேன், அங்கே டிக்கெட் கொடுத்த ஏஜென்ட்டைக் கேளுங்கள் என்றார்கள். நான் டிக்கெட் எந்த நிறுவனத்தின் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குப் பேசினேன், பறக்கப்போகிற நிறுவனம் சீட் விட்டால்தான் முடியும் என்றார்கள். கூட்டணி என்ற வார்த்தையை அரசியலில் கேட்கும்போது வருகிற அதே களைப்பு வந்தது.

கடைசியில் விடியற்காலை நாலரைக்கு, வீட்டு வராண்டாவில் கொசுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு, லேப்டாப்பில் லண்டன்–டல்லாஸ் நேர் விமானத்தில் இரண்டு சீட் பிடித்து டிக்கெட்டை மறுபடி எழுதினேன். தோஹா கற்றுக்கொடுத்த பயத்தில் சிஸ்டம் போட்ட கணக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். அவருக்கு அனுப்பியதும் உடனே பதில் வந்தது, நன்றி எல்லாம் இல்லை: "அந்த வந்து சேர்ந்தது தெரியாது இப்போ இல்லையே?" இல்லை சார், எடுத்தாச்சு என்று போட்டேன். அவர்கள் விமானம் நடுக்கடலில் இருக்கும்போது பேரன் பிறந்துவிட்டான்.

பிப்ரவரி கடைசியில் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள், எனக்கு ஒரு சாக்லேட் டப்பா, முதலாளிக்கு ஒன்று. அவர் பாரிஸ் ரயில் கைநழுவிப் போனதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார், பயன்படுத்தாத ஷெங்கன் விசாவைப் பாஸ்போர்ட்டைப் பிரித்துக் காட்டினார். அந்தம்மாவிடம் ஹாங்காங் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அங்க ஒரு படகு விடறான் தம்பி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். நான் நாலு தடவை போயிட்டு வந்தேன். இவர் ரூம்லயே தூங்கிட்டார்." கொஞ்சம் நிறுத்தி, அவர் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு நாள் யாருக்கும் சமைக்கலை."

அவர் சாக்லேட் டப்பாவின் பில்லைத் தேடிக்கொண்டிருந்தார், டியூட்டி ஃப்ரீயில் ஏதோ கணக்கு தவறிவிட்டதாம்.