4001 எழுத்து நீளமுள்ள ஐபி முகவரி

பழைய சர்வர்களைப் பராமரிப்பவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னுமா சென்ட்ஓஎஸ் 6?" ஆமாம், இன்னும்தான். அந்த லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2020 நவம்பரோடு முடிந்தது, நாங்கள் சர்வர் பார்த்துக்கொள்ளும் தொழிற்சாலைக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே ஓடும் மென்பொருளைச் சோதித்து, கையெழுத்து வாங்கி, தணிக்கையில் காட்டியதெல்லாம் அந்த இயங்குதளத்தில், அதோடு வரும் ஜிசிசி 4.4.7 கம்பைலரில் (மூலநிரலை ஓடும் புரோகிராமாக மாற்றும் கருவி). அதை மாற்றினால் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவரை உற்பத்தியை நிறுத்தி வைக்க வேண்டும். "மிஷின் நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் சார் தொடுறீங்க?" என்று பராமரிப்பு மேற்பார்வையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கம்பைலர் பழசு என்பதையே ஒரு குற்றமாகப் பார்ப்பவர்கள், அதன் பக்கத்தில் நின்று வேலை பார்க்காதவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

சிக்கல் வெளியிலிருந்து வந்தது. எடைக் கருவி ஒன்றை மாற்றினார்கள். புதுக் கருவியோடு பேசுவதற்கு அதன் தயாரிப்பாளர் ஒரு சி++ லைப்ரரி (நம் புரோகிராமோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) கொடுத்தார். அதைக் கட்டியது உபுண்டு 16.04-இல், ஜிசிசி 5.4 வைத்து.

முதலில், லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன் உண்டு என்று அறிவிக்கும் ஹெடர் ஃபைலே கம்பைல் ஆகவில்லை. அதில் இருந்த நல்பிடிஆர் என்ற சொல் ஜிசிசி 4.6-இல்தான் வந்தது, ஓவர்ரைடு என்ற சொல் 4.7-இல். சரி, அந்தச் சொற்களைக் கொண்டுவந்த சி++11 தரநிலைப்படி கம்பைல் செய் என்று ஆப்ஷன் கொடுத்தால், அப்படி ஓர் ஆப்ஷனே இல்லை என்கிறது. 4.4-இன் காலத்தில் அந்தத் தரநிலை வெளியாகவில்லை. அதன் முந்தைய பெயரான சி++0எக்ஸ் என்று கொடுக்க வேண்டும். இதெல்லாம் நல்ல பிழைகள். எந்த ஃபைல், எந்த வரி என்று கம்பைலரே சொல்லிவிடும். தயாரிப்பாளரிடம் கேட்டு ஹெடரைப் பழைய பாணிக்கு மாற்றி வாங்கிக்கொண்டோம்.

அடுத்தது, லைப்ரரி லோடு ஆகவில்லை. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.14 கிடைக்கவில்லை என்றது. சென்ட்ஓஎஸ் 6-இல் இருப்பது 2.12. லைப்ரரியின் உள்ளே இருப்பதைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியை ஓட்டிப் பார்த்தால், புதிய ஜிலிப்சி கேட்கும் ஃபங்ஷன்களின் பட்டியலில், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பியும் நின்றது. இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 2010-இல் மெம்காப்பியை வேகப்படுத்தியபோது ஃபெடோரா 14-இல் அடோபி ஃப்ளாஷின் ஒலி கரகரக்க ஆரம்பித்தது. ஒன்றின் மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளை மெம்காப்பியால் நகலெடுக்கக் கூடாது என்பது விதி. ஃப்ளாஷ் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. விதியைக் காட்டி ஓடுகிற புரோகிராமை உடைக்காதீர்கள் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வந்து வாதாடினார். கடைசியில் 2.14-இல் மெம்காப்பிக்கு இரண்டு பதிப்பு வைத்தார்கள்: பழைய புரோகிராம்களுக்கு அந்தத் தவறையும் பொறுத்துக்கொள்ளும் பழையது, புதிதாகக் கட்டுபவற்றுக்குப் புதியது. பழைய புரோகிராம்களைக் காப்பாற்ற எடுத்த முடிவுதான் எங்கள் பழைய சர்வரில் புது லைப்ரரியை வாசலிலேயே நிறுத்தியது.

தயாரிப்பாளரின் பொறியாளர் பொறுமையானவர். சென்ட்ஓஎஸ் 6 மேலேயே ஜிசிசி 5.4-ஐ மூலநிரலிலிருந்து கட்டி, அதில் லைப்ரரியைக் கம்பைல் செய்து, கூடவே அந்த கம்பைலரின் சி++ ரன்டைம் லைப்ரரியையும் அனுப்பினார். லோடு பிரச்சினை தீர்ந்தது. இப்போது, எங்கள் நிரலையும் லைப்ரரியையும் பெயர் பார்த்து இணைக்கும் லிங்க்கர் மல்லுக்கு நின்றது. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வாங்கும் ஃபங்ஷன்களை மட்டும் காணோம் என்றது. ஹெடரில் அவை இருந்தன, பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியை லைப்ரரியில் போட்டுப் பார்த்தாலும் இருந்தன. வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது: லைப்ரரி தரும் பெயரில் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்று ஒரு ஒட்டு இருந்தது, நாங்கள் கேட்ட பெயரில் இல்லை.

ஜிசிசி 5 வந்தது 2015-இல். அதுவரை ஒரு ஸ்ட்ரிங்கை நகலெடுத்தால், யாராவது மாற்றும்வரை இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும். சி++11 தரநிலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே உள்ளமைப்பையே மாற்றினார்கள். 64 பிட் கணினியில் பழைய ஸ்ட்ரிங் 8 பைட், எழுத்துகள் இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒரே ஒரு பாயின்ட்டர். புதியது 32 பைட்: பாயின்ட்டர், நீளம், 15 எழுத்துவரை தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள இடம். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்றுதான் பெயரில் அந்த ஒட்டு. நல்ல ஏற்பாடுதான்.

காணாமல்போன ஃபங்ஷன்கள் எங்களுக்குத் தேவையில்லாதவை, அவற்றைக் கூப்பிட்ட வரிகளை எடுத்துவிட்டோம். இணைப்பைத் திறக்கும் ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கை நேரடியாக வாங்கவில்லை, பல மதிப்புகளை வரிசையாக அடுக்கிய ஒரு ஸ்ட்ரக்டை வாங்கியது. முதலில் ஐபி முகவரி, ஸ்ட்ரிங்காக. அடுத்து போர்ட் எண், 4 பைட் முழு எண்ணான இன்டாக. அது பிரச்சினை இல்லாமல் லிங்க் ஆனது. ஓட்டினால் கருவியோடு இணைப்பு கிடைக்கவில்லை. நெட்வொர்க் குழு ஃபயர்வாலைக் குடைந்தது. கேபிளை மாற்றினார்கள். பிங் சரியாகவே போனது.

லைப்ரரி எழுதிய லாக் ஃபைலை லெஸ் என்ற கருவி வைத்துத் திறந்தால், இது பைனரி ஃபைல் போலிருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டது. உள்ளே 192.168.10.25 என்று முகவரி சரியாக இருந்தது, அதற்குப் பின்னால் பக்கம் பக்கமாகக் குப்பை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, இது சரியா 4001 பைட் இருக்கு. நம்ம போர்ட் நம்பரும் 4001 தானே?"

அப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஸ்ட்ரக்டில் முதல் 8 பைட் ஸ்ட்ரிங், அடுத்து போர்ட். லைப்ரரியின் கணக்கில் முதல் 32 பைட்டும் ஸ்ட்ரிங். அதில் இரண்டாவது 8 பைட் ஸ்ட்ரிங்கின் நீளம். ஆக நாங்கள் போர்ட் என்று எழுதியதை அது நீளம் என்று படித்தது. எங்கள் ஸ்ட்ரக்ட், தொடக்கத்திலேயே பூஜ்யத்தால் நிரப்பப்படும் குளோபல் மாறி என்பதால் மீதி 4 பைட்டும் பூஜ்யமாக இருந்து, எண் பிசகாமல் போனது. முகவரியின் பாயின்ட்டர் இரண்டு அமைப்பிலும் முதல் இடத்தில் இருப்பதால் சரியான கருவியைத்தான் தேடிப் போயிருக்கிறது. போர்ட்டை மட்டும் ஸ்ட்ரக்டுக்கு வெளியே, 32-ஆவது பைட்டில் தேடி, அங்கே கிடந்த பூஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரக்டின் பெயரில் ஒட்டு எதுவும் சேராது. அதனால் லிங்க்கருக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

தயாரிப்பாளர் தன் பக்கம் பழைய ஸ்ட்ரிங் அமைப்பையே பயன்படுத்தச் சொல்லி ஒரு மேக்ரோவைப் பூஜ்யமாக்கிக் கம்பைல் செய்யலாம். ஆனால் அவர் உள்ளே சேர்த்திருந்த மற்ற சி++ லைப்ரரிகளையும் அப்படியே திரும்பக் கட்ட வேண்டும். அதைவிட, வெளியே தெரியும் ஃபங்ஷன்களை மட்டும் வெறும் சி பாணிக்கு மாற்றித் தரும்படி கேட்டோம்: முகவரிக்கு கேரக்டர் பாயின்ட்டர், போர்ட்டுக்கு இன்ட், இணைப்புக்கு ஒரு வாய்ட் பாயின்ட்டர். எக்செப்ஷன் எதுவும் வெளியே வரக் கூடாது, பிழை என்றால் எண்ணாகத் திருப்ப வேண்டும். லைப்ரரி ஒதுக்கிய நினைவகத்தை லைப்ரரியே விடுவிக்க வேண்டும். புது ஹெடர் ஒரு திரைக்குள் அடங்கியது. மேற்பார்வையாளருக்கு எடை வந்தால் போதும், வந்தது.

தயாரிப்பாளரின் பொறியாளர் பிறகு பழைய ஹெடரை, பெயரில் அந்த ஒட்டு விடுபடும் இடங்களைச் சொல்லும் ஏபிஐ-டேக் எச்சரிக்கையை இயக்கி மறுபடி கம்பைல் செய்து பார்த்தார். அந்த ஸ்ட்ரக்டைக் கம்பைலர் முதல் ஓட்டத்திலேயே சுட்டிக்காட்டிவிட்டதாகச் சொன்னார். அந்த ஆப்ஷன் வழக்கமாக அணைந்தே இருக்கும். பொதுவான எச்சரிக்கைகளை இயக்கும் வால் (-Wall) ஆப்ஷனைப் போட்டாலும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் 4.4-இல் அதுவும் கிடையாது.