நாசா வீட்டுக் குடித்தனம்

2008 கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் மொத்தமே பதினோரு பேர். செயற்கைக்கோள் அனுப்பும் தரவைப் பிரித்து அடுக்கும் மென்பொருள்தான் தொழில். கலிபோர்னியாவில் மவுண்டன் வியூவை ஒட்டிய மொஃபெட் ஃபீல்டில் அலுவலகம். ஒரு காலத்தில் அது கடற்படையின் விமானத் தளம். 1994ல் கடற்படை காலி செய்துவிட்டுப் போனதும், 1939லிருந்தே பக்கத்தில் இருக்கும் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் கைக்கு, அதாவது நாசாவின் கைக்கு, அந்த நிலம் வந்தது. நாசா அதில் ஒரு பகுதிக்கு 'நாசா ஆய்வுப் பூங்கா' என்று பெயர் வைத்து, கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வாடகைக்கு விட்டது. நாங்கள் இரண்டு அறை எடுத்திருந்தோம். நாசாவுக்கும் எங்களுக்கும் இருந்த உறவு வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உள்ள உறவு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

ஆனால் விசிட்டிங் கார்டில் விலாசம் 'நாசா ஆய்வுப் பூங்கா' என்றுதானே இருக்கும்? ஊருக்குப் போனபோது அம்மாவிடம் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரமே கோவில்பட்டியில் எங்கள் தெரு முழுக்க நான் நாசாவில் வேலை பார்ப்பவன் ஆகிவிட்டேன். போனில் ஒருமுறை திருத்திப் பார்த்தேன். "கட்டடம் அவங்களோடதுதான?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன?" அத்தோடு விட்டுவிட்டேன். பெண் பார்க்கும் படலம் ஆரம்பித்த பிறகு திருத்தும் எண்ணமே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வளாகத்துக்கு இரண்டு கேட். முதல் கேட்டில் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் போதும், காவலர் கையசைத்து உள்ளே விடுவார். நாங்கள் இருந்த பூங்கா அதற்குள் வந்துவிடும். இரண்டாவது கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் உண்மையான ஏம்ஸ். நூறு பேர் வரிசையாகக் கைகோத்து நடந்து போகலாம் போல வாயைத் திறந்துகொண்டு நிற்கும், விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கமெல்லாம் அங்கேதான். அங்கே போக நாசாவின் பேட்ஜ் வேண்டும். நான் எச்1பி விசாக்காரன் என்பதால் தனி அனுமதி, கூடவே வர ஒரு ஆள் என்று நிறைய நடைமுறை உண்டு. நான்கு வருடத்தில் அந்தப் பக்கம் போனது ஆறேழு தடவைதான் இருக்கும். 'நாசாக்காரன்' பெரும்பாலும் நாசாவை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்த்தான்.

2009 தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு புதுக் குடித்தனக்காரர் வந்தார். பெயர் சிங்குலாரிட்டி பல்கலைக்கழகம். இயந்திரத்தின் அறிவு மனித அறிவைத் தாண்டும் கணத்தைத்தான் சிங்குலாரிட்டி என்கிறார்கள். அது 2045ல் வரும் என்று கணக்குச் சொன்ன ரே கர்ஸ்வைலும், தனியார் விண்வெளிப் பயணத்துக்கு எக்ஸ் பரிசை ஆரம்பித்த பீட்டர் டயமாண்டிஸும் சேர்ந்து தொடங்கியது. கூகுள் பணம் போட்டிருந்தது. ஏம்ஸின் அப்போதைய இயக்குநர் பீட் வோர்டன் முழு ஆதரவு. அவர் விமானப்படையில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற வானியலாளர். புதுசாக யார் என்ன கொண்டுவந்தாலும் 'சரி, பார்ப்போம்' என்கிற ரகம்.

பெயரில்தான் பல்கலைக்கழகம். பட்டம் கிடையாது, அங்கீகாரம் கிடையாது. கோடையில் ஒன்பது வாரப் படிப்பு, அவ்வளவுதான். முதல் வருடம் 40 பேர், கட்டணம் 25,000 டாலர். செயற்கை அறிவு, உயிர்த் தொழில்நுட்பம், நானோ, ரோபோ என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, கடைசியில் குழு குழுவாக ஒரு திட்டம் போட வேண்டும். பத்து வருடத்தில் நூறு கோடிப் பேரின் வாழ்க்கையை மாற்றுவதாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் ஆபீஸில் அந்த நிபந்தனையைக் கேட்டு முதலில் எல்லோரும் சிரித்தோம். எங்கள் மென்பொருளை அப்போது மொத்தம் மூன்று பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தினம் குறை சொல்லி மின்னஞ்சல் அனுப்புவார்.

இதில் நாசாவுக்கு என்ன லாபம்? வெளியே பலரும் நினைத்த மாதிரி நாசா பள்ளிக்கூடம் நடத்தவில்லை. 1958ல் நாசாவை உண்டாக்கிய சட்டமே தனியாரோடு பலவகை ஒப்பந்தம் போட இடம் கொடுக்கிறது. அதுபோக, 2003ல் அமெரிக்க காங்கிரஸ் ஏம்ஸுக்கும் ஃபுளோரிடாவில் ராக்கெட் ஏவும் கென்னடி மையத்துக்கும் சோதனை முறையில் ஒரு சலுகை கொடுத்தது: சும்மா கிடக்கும் கட்டடத்தையும் நிலத்தையும் குத்தகைக்கு விட்டு, வரும் பணத்தை மையமே செலவு செய்துகொள்ளலாம். கடற்படை விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் கூரையும் குழாயும் பழுதாகி நிற்கும்போது குடித்தனக்காரர் வந்தால் வேண்டாம் என்று எந்த வீட்டுக்காரர் சொல்வார்? வாடகையோடு கூடவே இளரத்தமும் வரும். வோர்டனுக்கு இரண்டாவதுதான் முக்கியமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது, எனக்கும் என் அம்மாவுக்கும் கிடைத்த அதே சமாச்சாரம்தான். விலாசம்.

அந்தக் கோடை மறக்க முடியாதது. டயமாண்டிஸ் 1987ல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகமும் அதே 2009 கோடைப் படிப்பை ஏம்ஸில் வைத்துக்கொண்டது. ஆக, ஒரே காம்பவுண்டில் இரண்டு கூட்டம். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் எந்த நாட்டுக்காரர் நமக்கு முன்னால் நிற்கிறார் என்று சொல்ல முடியாது. பழைய அதிகாரிகள் விடுதியின் ஜன்னல் கண்ணாடி முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் என்று ஒட்டுச் சீட்டுகள். ஒருநாள் கிட்டப் போய்ப் படித்தேன். 'குடிநீர்', 'யாருடைய கார்?', 'விவசாயியிடம் கேட்டோமா?' கடைசிச் சீட்டைப் பார்த்த பிறகு அவர்களை நினைத்துச் சிரிப்பது கொஞ்சம் குறைந்தது.

அவர்கள் விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை இருந்தது. கடை மூடி ரொம்ப நாளாகிவிட்டது. உள்ளே பர்கர் வறுத்த இடத்தில் இரண்டு அங்குல அகலக் காந்த நாடாச் சுருள்கள், ஒன்றிரண்டல்ல, சுமார் 1,500. 1966, 67ல் நிலவைச் சுற்றிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் எடுத்த படங்கள் அந்த நாடாவில்தான் இருந்தன. அதை ஓட்டும் ஆம்பெக்ஸ் இயந்திரம் வேலை செய்யும் நிலையில் எங்கேயும் கிடையாது. நாசாவின் இன்னொரு மையமான ஜேபிஎல்லில் வேலை பார்த்த நான்சி எவன்ஸ் என்ற அம்மா நாடாக்களைத் தூக்கிப் போட விடாமல் காப்பாற்றி, ஓடாத இயந்திரங்களைத் தன் வீட்டு கராஜில் வருடக்கணக்காகப் போட்டு வைத்திருந்தார். அவற்றைக் கொண்டுவந்து பழுது பார்த்து, 2008 நவம்பரில் முதல் படத்தை மீட்டார்கள். நிலவின் விளிம்புக்கு மேலே பூமி தெரியும், 1966ன் அந்தப் படம். கடை ஜன்னலில் கடற்கொள்ளையர் கொடி தொங்கும். எல்லோரும் அதை 'மெக்மூன்ஸ்' என்பார்கள்.

இருபது வருடத்துக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று, நாற்பது வருடத்துக்கு முன்னால் எடுத்த படத்தைப் படிக்க, பழைய இயந்திரத்துக்கு ரப்பர் உருளை தேடும் இடம் ஒன்று. இரண்டுக்கும் வீட்டுக்காரர் ஒருவரே.

மெக்மூன்ஸுக்கு அடிக்கடி வரும் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கமானார். ஓய்வு பெற்ற பொறியாளர். பயனியர் விண்கலங்களை ஏம்ஸ் நடத்திய காலத்தில் அதில் வேலை பார்த்தவர். ஒருநாள் வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பள்ளிக்கூட மாணவி ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் பேட்ஜ், கையில் நோட்டு. விண்கலங்களில் ஏன் இன்னும் பழைய சிப் போடுகிறீர்கள், என் கைப்பேசியே அதைவிட வேகம், கணிப்பொறியின் திறன்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறதே என்று கேட்டாள். திமிராகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "இரட்டிப்பதெல்லாம் ராக்கெட் கிளம்பும் வரைதான் அம்மா. கிளம்பிய பிறகு அது அப்படியே இருக்கும். பயனியர் 10ஐ 1972ல் அனுப்பினோம். 21 மாதம் வேலை செய்தால் போதும் என்று கட்டியது. கடைசி சிக்னல் வந்தது 2003 ஜனவரியில். அதுவரைக்கும் உள்ளே இருந்தது 1972தான்."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு ரொம்ப நேரம் கேள்வி கேட்கவில்லை. தலைக்கு மேலே செப்பலின் என்கிற ஆகாயக் கப்பல் ஒன்று மெதுவாகப் போனது. அதுவும் எங்களைப் போலக் குடித்தனக்காரர்தான், 'யுரேகா' என்று பெயர். ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைகுடாவைச் சுற்றிக் காட்டும். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்த நண்பர்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. வெளியே எங்கே போனாலும் 'நாசா நடத்துகிற அந்தப் பல்கலைக்கழகம்' என்று கேட்கிறார்களாம். ஒரு திருகாணியை மாற்றக்கூட மூன்று மறுஆய்வுக் கூட்டம் உட்கார்ந்து எழுந்திருப்பவர்களுக்கு, ஒன்பது வாரத்தில் உலகத்தை மாற்றுகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது கசக்காமல் என்ன செய்யும்? எனக்கு அவர்கள் கோபம் புரிந்தது. ஆனால் ஆமாம் போட முடியவில்லை. என் விசிட்டிங் கார்டு பர்ஸுக்குள் இருந்தது.

இப்போது யோசித்தால், பள்ளிக்கூடத்தின் தத்துவத்தை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் முழுதாக நம்பவில்லை. வளைகோடு மேலே ஏறிக்கொண்டே போகும் படத்தைக் காட்டிக் காசு வாங்குவதில் ஜோசியத்தின் வாடை இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் வைத்தால் சிலது தானாக நடக்கிறது. 2010 கோடையில் 80 பேர் வந்தார்கள். அதில் சந்தித்துக்கொண்ட சிலர் 'மேட் இன் ஸ்பேஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கி, அதே பூங்காவில் வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள். பொருளை அடுக்கடுக்காக அச்சடித்து உருவாக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை (3டி பிரிண்டர்) விண்வெளியில் ஓடும்படி செய்வதுதான் அவர்கள் எண்ணம். 2011ல் விமானத்தை வில் போல மேலே ஏற்றிக் கீழே இறக்கி, நடுவில் கிடைக்கும் அந்தச் சில நொடி எடையின்மையில் இயந்திரத்தைச் சோதித்தார்கள். அப்புறம் நாசா ஒப்பந்தம், பாதுகாப்புச் சோதனை, மறுஆய்வு. எண்ணத்துக்கும் ஏவலுக்கும் நடுவே நான்கு வருடம் ஓடியது. பள்ளிக்கூடக் கணக்கில் அது ரொம்பத் தாமதம், வேலிக்கு அந்தப் பக்கத்துக் கணக்கில் பதற வைக்கும் வேகம்.

அதற்குள் எங்கள் கம்பெனிக்கு வாடகை கட்ட முடியாமல் போய், 2012ல் நான் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். கடைசி நாள் பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, எதிரே 'ஹேங்கர் ஒன்' என்ற விமானக் கொட்டகை வெறும் எலும்புக்கூடாக நின்றது. 1930களில் மேக்கன் என்ற ராட்சத ஆகாயக் கப்பலுக்காகக் கட்டியது, தரை மட்டும் எட்டு ஏக்கர். மேல் தகட்டில் நச்சு வேதிப்பொருள் இருக்கிறது என்று தோலை உரித்துவிட்டார்கள். அப்புறம் 2014ல் கூகுளின் கிளை நிறுவனம் ஒன்று அந்த ஹேங்கரையும் ஓடுபாதையையும் சேர்த்து 60 வருடத்துக்குக் குத்தகை எடுத்தது, 116 கோடி டாலருக்கு. குடித்தனக்காரர்களில் அவர் பெரிய கை.

அதே 2014 செப்டம்பரில் அந்த அச்சு இயந்திரம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. டிசம்பரில் மேலே இருந்த கமாண்டர் பேரி வில்மோருக்காகக் கீழே ஒரு ராட்செட் ஸ்பானரைக் கணினியில் வடிவமைத்து, கோப்பை மட்டும் மேலே அனுப்பினார்கள். இயந்திரம் நான்கு மணி நேரத்தில், 104 அடுக்காக அதை அச்சடித்துக் கொடுத்தது. ராக்கெட் கிளம்பிய பிறகு எல்லாம் அப்படியே இருக்கும் என்று பெஞ்சில் உட்கார்ந்து பெரியவர் சொன்னதற்கு உள்ளங்கை அளவில் ஒரு விதிவிலக்கு. அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் நம்பர் என்னிடம் இல்லை.

அம்மாதான் போன் பண்ணினாள். பேப்பரில் படித்திருக்கிறாள்.

"ஏய்யா, ஸ்பானரை மேல அனுப்பினாங்களாமே, அது நீ இருந்த எடமா?"

"பக்கத்துக் கட்டடம்மா."

"அதுக்கும் வாடகைதானா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, யாரோ வாசலில் நிற்கிறார்கள் போல, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாம் எங்க தம்பி ஆபீஸ்லதான்."