நூத்துக்கு நாப்பது

அன்று ராத்திரி அந்தப் பையன் கேட்டது ஒரே கேள்விதான். "நைனா பொழைப்பாரா மாட்டாரா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க சார்." ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. ஓர் எண் இருந்தது. "இந்த நிலைமையில வர்றவங்கள்ல நூத்துக்கு நாப்பது பேர் தவறிடறாங்கப்பா" என்றேன்.

பொய் இல்லை. நிமோனியாவின் கடுமையை அளக்க கர்ப்-65 என்று ஒரு கணக்கு, 2003-இல் வந்தது. புதிதாக வந்த மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா, மூச்சு வேகம், பிரஷர், 65 வயது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மூன்று வந்தால் முப்பது நாளுக்குள் இறப்பு 17 சதவீதம், நான்கு வந்தால் 41.5. அவருக்கு வயது 62, அதில் புள்ளி கிடையாது. மூச்சு நிமிடத்துக்கு 34, பிரஷர் 84/50, யூரியா 71. ஆக மூன்று. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. ஆக்ஸிஜன் 86தான். ஆனால் ஆக்ஸிஜனுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நான்காவது புள்ளியைப் போட்டது நான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன், முகத்தையே பார்த்தார். இது எந்த இடம் என்று கேட்டேன். "சாப்ட்டேன்" என்றார். குழப்பம், ஒரு புள்ளி. (அந்தக் கணக்கோடு வரும் கேள்வித்தாளில் முதல் உலகப்போர் எந்த ஆண்டு தொடங்கியது, இப்போது ராஜா யார் ராணி யார் என்றெல்லாம் இருக்கும். குடியாத்தத்துக்காரரிடம் அதைக் கேட்க முடியுமா? ஆள், இடம், நேரம் புதிதாகக் குழம்பினாலும் புள்ளி போடலாம் என்று அந்தக் கணக்கே சொல்கிறது. அதனால் நாங்கள் கிழமையும் இடமும்தான் கேட்போம்.)

அப்புறம் தாய்மாமன் வந்தார், வராந்தாவில் நின்று பேசிக்கொண்டார்கள். ஐசியூவில் வைத்தே ஆக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார்கள்.

ஆம்புலன்ஸ் வாசலில்தான் அது நடந்தது. பையனுடைய அம்மா குனிந்து அவருடைய வலது காதில் ஏதோ கத்தினார். அவர் மாஸ்க்கை லேசாகத் தூக்கி, மூச்சிரைக்க, ஆனால் தெளிவாக, "செருப்பு கட்டிலுக்குக் கீழ கீது, எடுத்துக்கோ" என்றார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே சொன்னார்: "தறி ஓட்டி ஓட்டி இடது காது சுத்தமா கேக்காதுங்க. இந்தப் பக்கமும் கத்தணும்." மானிட்டர் வலப்பக்கம் இருந்ததால் ராத்திரி முழுக்க நான் நின்றது இடப்பக்கம். போதாததற்கு மாஸ்க்கின் இரைச்சல் வேறு.

சரி, அதனால் என்ன என்றும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று புள்ளியும் கடுமையான நிமோனியாதான். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் அவர் வந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டாகிவிட்டது. மூன்று என்றாலும் ஐசியூ என்றுதான் சொல்லியிருப்பேன். தாய்மாமன் என்னிடம் வருவதற்கு முன்பே கவுன்டரில் அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரித்திருக்கிறார், சிஸ்டர் பிறகு சொன்னார். முடிவு அங்கேயே ஆகியிருக்கலாம். பிறகு ஊரில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கும், அதை நான் எடுத்துக் கொடுத்தேன். பதினேழு என்றிருந்தால் அந்தக் காரணம் கிடைத்திருக்காது. அந்தப் பையன் மாமனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பானோ என்னவோ.

இதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி உடனே கிளம்பவில்லை. செருப்பு எடுக்க உள்ளே போன பையன் திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் அங்கேயேதான் நின்றேன். "ஒரு நிமிஷம்மா, நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்" என்று சொல்ல அது தாராளமான நேரம். கையெழுத்து ஆகிவிட்டது, உள்ளே இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தார் என்பதுதான் நிஜமான காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பையனுடைய நம்பர் பதிவேட்டில் இருக்கிறது. போன் செய்யவில்லை. பிழைத்திருந்தாலும் போயிருந்தாலும், அந்த நான்காவது புள்ளி சரியா தப்பா என்பது அதிலிருந்து தெரியப்போவதில்லை. இது எனக்கு வசதியான வாதம் என்பதும் தெரிகிறது.

இனிமேல் வீட்டாரிடம் எண் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். கணக்கை நோட்டில் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது. போன வாரம் ஆரணியிலிருந்து வந்த ஒரு பெண், அம்மாவைக் கூட்டிவந்தவள், அதே கேள்வியைக் கேட்டாள். அம்மாவின் இரண்டு காதிலும் பேசிப் பார்த்து, சந்தேகமில்லாமல் மூன்று என்று போட்டு வைத்திருந்தேன். "நூத்துக்குப் பதினேழு" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பதினேழுன்னா ஜாஸ்தியா கம்மியா டாக்டர்?"