கானிலிருந்து தொடங்கிய நகரம்

மொகஞ்சதாரோ என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெரிய குளியல் குளம்தான். சோதனைக்கும் அதுதான் வரும். ஏறத்தாழ 12 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம், தண்ணீர் கசியாமல் இருக்க இயற்கைத் தார் பூச்சு. எங்கள் வரலாற்றுச் சேர் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, செங்கல்லிலும் கானிலும், அதாவது தெருவில் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலும், பாடத்தைத் தொடங்கினார்.

போரால் யாழ்ப்பாணத்தார் இடம்பெயர்ந்த 1995க்குப் பிந்திய வன்னி, இலங்கையின் வடக்கு. வகுப்பில் பாதிப் பேர் இடம்பெயர்ந்து வந்தவர்கள். கொப்பிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, சீமெந்துக்குத் தடை. மரத்தடியில் வகுப்பு நடந்ததைப் பலர் சோகமாக எழுதுவார்கள். எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது, காலடியில் மண் இருந்ததே!

சிந்துவெளிச் செங்கல்லின் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். வீட்டுக் கல் பெரும்பாலும் 7, 14, 28 சென்ரிமீற்றர். எங்களுக்கு 2, 4, 8 என்று குறைத்துத் தந்தார் சேர். பழைய பெட்டிப் பலகையில் அச்சுச் செய்து, குளக்கட்டின் அடியிலிருந்து களிமண் கொண்டுவந்து, கல் அறுத்து வெயிலில் காயவைத்தோம். அவர்கள் கல்லைச் சுட்டார்கள்; எங்களுக்கு வெயில்தான் சூளை.

பின்வரிசைக் குழு ஒன்று விகிதத்தைப் பார்க்காமல் கண்மட்டத்தில் அச்சுச் செய்துவிட்டது. சேர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டச் சொன்னார். ஒரு கல்லை நீளவாட்டில் வைத்து அதன்மேல் இரண்டைக் குறுக்கே வைத்தால் இரண்டும் சேர்ந்து அந்த நீளத்துக்கு வரவேண்டும். அப்போதுதான் பொருத்துக்கு மேல் பொருத்து விழாமல் சுவர் பிடித்து நிற்கும். அவர்களுடைய கல் ஒவ்வொரு வரியிலும் விரலளவு வெளியே தள்ளியது. நாலாவது வரியில் சுவர் சரிந்தது. விகிதம் எதற்கு என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஹரப்பாவிலும் இதே விகிதம்தான் என்று அப்போதுதான் சொன்னார்.

தெருவை வெண்கட்டித்தூள் போட்டுக் கீறினோம். பெருந்தெரு அங்கே ஏறத்தாழ 9 மீற்றர் அகலம். ஆனால் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் பக்கத்து ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கும். வீட்டுக் கழிவுநீர் சரிவில் இறங்கித் தெருக் கானில் சேரும். இடையிடையே கசடு அடையக் குழிகள். மேலே செங்கல்லாலோ கல்லாலோ மூடி. மூடியைத் தூக்கித் துப்புரவாக்கலாம். "அந்த மூடியைத் தூக்கினது ஆர்? அவருக்குக் கூலி குடுத்தது ஆர்?" என்று கேட்டார். அரசன் என்றோம். அரண்மனை என்று உறுதியாகச் சொல்ல அங்கே ஒரு கட்டடமும் அகப்படவில்லையே என்றார். சிறுபோக நெல் விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று கமக்காரர் பேசித் தீர்ப்பதைச் சொல்லி, அங்கேயும் அப்படி இருந்திருக்கலாம் என்றுவிட்டு, "ஆனா இதைச் சோதனையில எழுதிப் போடாதேங்கோ, இது என்ரை யோசனை" என்றார்.

முகாமிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி எழும்பி, "எங்கடை கொட்டிலுகளும் நேர்கோட்டிலதான் சேர், கான்தான் இல்லை" என்றாள். சிரிக்கத் தொடங்கியவர்கள் சேரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த பாடம் முழுக்க அதுதான்: அந்த முகாமில் கான் வெட்டுவதானால் எந்தப் பக்கம் சரிவு, தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது? மேசன் ஒருவரிடம் மட்டம் பார்க்கும் ரியூப் இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பி, இரண்டு தடியில் பிடித்து அளந்தோம். மாரிக்கு முன் பெரியவர்கள் அங்கே கான் வெட்டினார்கள். எங்கள் கணக்கைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் வெள்ளம் எங்கால் வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன!

குளியல் குளத்துக்கு வந்தபோது தவணை முடிந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்.

அந்தக் கேள்வியும் வந்தது, வராமல் இருக்குமா. "அது எங்கடை ஆக்கள்தானே சேர்?" இருக்கலாம் என்றார். சிந்து முத்திரைகளில் உள்ளது திராவிட மொழியாக இருக்கலாம் என்று, அந்த எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் கருதுவதைச் சொன்னார். முத்திரைகளில் சராசரியாக ஐந்து குறியீடுகள் மட்டுமே இருப்பதையும், வாசித்துச் சரிபார்க்க இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்காததையும் சொன்னார். "வாசிச்ச பிறகு கொண்டாடுவம்." எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அப்போது பிடிக்கவில்லைதான்.

போன ஒன்றுகூடலில், ரொறன்ரோவில், கொத்துரொட்டி வரிசையில் நின்ற ஒருவர் சிந்து எழுத்தை வாசித்தாயிற்று என்று அடித்துச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது அண்ணை என்று கேட்டேன். வட்சப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.